கொடைக்கானல் மலையில் கார் ஹீட்டர் குளிர்காற்றைத்தான் ஊதுகிறது, எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

திருநகர் ஆசிரியை

வணக்கம். எங்களுடையது 2011இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். அப்பா வாங்கியது, அவர் காலமானபின் நான் ஓட்டுகிறேன். 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மதுரைக்குள் அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏசி நன்றாகக் குளிர்கிறது, பேட்டரி புதியது, நான்கு டயர்களையும் போன வருடம்தான் மாற்றினேன். ஹீட்டர் மட்டும் சூடு தருவதில்லை.

மதுரையில் யாருக்கு ஹீட்டர் வேண்டும் என்று தோன்றலாம். அப்பா இருந்தவரை அந்தக் குமிழை யாரும் சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை. ஆனால் என் தங்கையை வில்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கார்த்திகையில் அவளுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் இதே காரில் அவளை மதுரைக்கு அழைத்து வர வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மேலே போய் நாள் குறித்துவிட்டுத் திரும்பினோம். மாலை ஐந்து மணி இருக்கும். வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் மேகம் சாலைமேல் இறங்கிவிட்டது. வெளியே தெரியாதது ஒரு பக்கம் என்றால், முன் கண்ணாடி உள்பக்கம் புகைபடிந்ததுபோல் வெளுத்துப்போனது. அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த இடம் நான் அடுத்த வளைவு திரும்புவதற்குள் மறுபடி வெளுத்தது. ஹீட்டரை முழுதாகத் திருப்பி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விட்டேன். காற்று பலமாக வந்தது, ஆனால் பச்சைத் தண்ணீரில் கைவிட்டதுபோல் இருந்தது. எதிரே ஒரு பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வந்ததால் பிழைத்தோம். பெருமாள்மலையில் ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கினோம். அப்படி ஒரு பயணத்தில் நிறைமாதத் தங்கையை உட்காரவைக்க எனக்குத் துணிவில்லை.

நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன். ஏறும்போது, டம் டம் பாறைக்கு மேலே, ஹீட்டரில் லேசான வெதுவெதுப்பு இருந்தது. இறங்கும்போது அதுவும் இல்லை. காற்றின் வேகத்தில் குறையில்லை. தண்ணீர் குறையவில்லை, அப்பா சொல்லிக்கொடுத்தபடி வாரம் ஒருமுறை பார்க்கிறேன். என்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி எந்தக் காலத்திலும் கால்பங்குக் கோட்டைத் தாண்டியதில்லை. "சித்திரை வெயிலில் மேலூர் வரை போய் வந்தாலும் என் வண்டி சூடாகாது" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எனவே என்ஜினில் கோளாறு இருக்காது என்றே நினைக்கிறேன்.

இங்கே ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி ஹீட்டர் பெட்டியை மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். பானட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் சொன்னதால் மனம் ஒப்பவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்ணைக்காடு டிரைவர்

அக்கா, ஹீட்டரைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். கண்ணாடி வெளுத்ததைப் பற்றி நான் சொல்கிறேன், இருபது வருடமாக இந்த மலையில்தான் வேன் ஓட்டுகிறேன்.

காற்று உள்ளேயே சுற்றும்படி பொத்தானை வைத்திருந்தீர்களா? மதுரையில் ஏசி போடுகிறவர்கள் அதை அப்படியே வைத்துப் பழகிவிடுகிறார்கள். மேலே அது ஆகாது. உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில்தான் போய்ப் படியும். வெளிக்காற்று வரும்படி மாற்றி வையுங்கள். அடுத்தது, ஹீட்டரைத் திருப்பிவிட்டு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். கேட்பதற்கு விநோதமாக இருக்கும். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும், உலர்ந்த சூடான காற்று பட்டால் கண்ணாடி இரண்டு நிமிடத்தில் தெளியும். ஹீட்டர் சரியாகும்வரை வெளிக்காற்றோடு ஏசி, இரண்டு பக்கமும் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிடுவது, இதுதான் வழி. குளிரும், ஆனால் சாலை தெரியும்.

கண்ணாடியின் உள்பக்கத்தை ஒருமுறை சோப்பு நீரில் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஈரம் இன்னும் எளிதாகப் பிடிக்கும். நாலரை மணிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் இறங்காதீர்கள் அக்கா. காலையில் இறங்குங்கள்.

வத்தலக்குண்டு மெக்கானிக்

அம்மா, 14,000 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்த ஊசி.

காரில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. என்ஜினைச் சுற்றி ஓடும் சூடான தண்ணீரின் ஒரு கிளையை டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்கு அனுப்பி, அதன் மேல் ஃபேன் காற்றை ஊதுகிறார்கள். அவ்வளவுதான் ஹீட்டர். என்ஜின் தண்ணீர் சூடாக இல்லையென்றால் அந்தப் பெட்டியைப் புதிதாக மாற்றினாலும் குளிர்காற்றுதான் வரும்.

ஊசி பொதுவாக நடுவில் நிற்க வேண்டும். கால்பங்கிலேயே நிற்கிறது என்றால் என்ஜின் தன் சூட்டுக்கு வரவே இல்லை. ஏறும்போது இரண்டாவது கியரில் என்ஜின் முக்கி இழுக்கிறது, சூடு பிறக்கிறது, உங்களுக்கு வெதுவெதுப்பு வருகிறது. இறங்கும்போது அதற்கு வேலை இல்லை, எதிரே மலைக்காற்று ரேடியேட்டரில் அடிக்கிறது, இருந்த சூடும் போய்விடுகிறது. நீங்கள் சொன்ன இந்த ஓர் அடையாளம் போதும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது, அல்லது அந்த வால்வே இல்லை. பந்தயம் கட்டச் சொன்னால் இல்லை என்றுதான் கட்டுவேன்.

தெர்மோஸ்டாட் வால்வு என்பது தண்ணீர்ப் பாதையில் உட்கார்ந்திருக்கும் ஒரு காவலாளி. உள்ளே மெழுகு இருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளும் ஹீட்டரிலும் மட்டும் சுற்றும். 82 டிகிரி வாக்கில் மெழுகு உருகிப் பருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். சில வண்டிகளில் 88 டிகிரி. நம் பக்கத்தில் ஒரு கோடையில் வண்டி சூடாகி நின்றால், பலர் முதலில் செய்வது இந்த வால்வைக் கழற்றி எறிவதுதான். "நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் வேண்டாம், குளிர்நாட்டுக்காரனுக்குத்தான்" என்பார்கள். எனக்கு வேலை கற்றுத்தந்தவரும் அப்படித்தான் சொன்னார், நானும் என் இருபதுகளில் எத்தனையோ வண்டிகளில் கழற்றியிருக்கிறேன். தவறு அம்மா. வெளியே நாற்பது டிகிரி அடித்தாலும் அது என்ஜினுக்கு வேண்டிய தொண்ணூறுக்குப் பாதிகூட இல்லை. ஊசி கீழேயே கிடப்பதை ஆரோக்கியம் என்று நினைக்கிறோம், அது மனிதனுக்கு உடல் சில்லிட்டுக் கிடப்பதுபோல. குளிர்ந்த என்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல்பக்கத் தடித்த ரப்பர் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஃபேனிலும் பெல்ட்டிலும் சேலை படாமல் கவனம். வால்வு இருந்தால், முதல் சில நிமிடங்கள் அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்கும், பிறகு திடீரென்று சுடும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே அது என்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது ஒருநாளும் திறக்காதீர்கள்.

கூடல்நகர் டாக்ஸி

மெக்கானிக் ஐயா சொன்னதோடு இன்னொன்றும் பாருங்கள். என் வண்டியில் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகியது. முன்சீட்டுக் கால்மிதி ஈரம், இனிப்பான ஒரு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு. சரிசெய்யச் செலவாகும் என்று இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டருக்குத் தண்ணீர் போகாமல் செய்துவிட்டார்கள், எனக்குச் சொல்லவும் இல்லை. என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுக்குள் இரண்டு சிறிய ஹோஸ்கள் போகிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்லது.

திருநகர் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இன்று காலை சோதித்தேன். இரண்டு சிறிய ஹோஸ்களும் உள்ளே போகின்றன, யாரும் கை வைக்கவில்லை. மேல் ஹோஸ் ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிடத்திலேயே வெதுவெதுக்க ஆரம்பித்து, அப்படியே மெல்ல ஏறியது. மெக்கானிக் ஐயா சொன்னது அச்சு அசலாக நடந்தது.

அதன்பின் அப்பாவின் நோட்டை எடுத்தேன். கார் வாங்கிய நாளிலிருந்து பெட்ரோல் போட்ட கணக்கையும் செய்த வேலையையும் ஒரு கோடுபோட்ட நாற்பது பக்க நோட்டில் எழுதி, முன்பெட்டியில் வைத்திருப்பார். நீலப் பேனா, பெரிய செலவுகளுக்குச் சிவப்பு அடிக்கோடு. இதுவரை நான் அதைப் பிரித்துப் படித்ததில்லை. 2016 மே மாதத்தில் இப்படி இருக்கிறது: "வாடிப்பட்டி அருகே வண்டி கொதித்தது. தெர்மோஸ்டாட் கழற்றியாகிவிட்டது. இனி சூடு தொல்லை இல்லை." சிவப்பு அடிக்கோடு இரண்டு முறை போட்டிருக்கிறார்.

அந்தப் பக்கத்துக்கு முன்னால் லிட்டருக்கு 16, 16.5 என்று வந்த மைலேஜ், அதற்குப் பின்னால் 14, 13.5 என்று இறங்கியிருக்கிறது. ஓரத்தில் "வண்டிக்கு வயதாகிறது" என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்த மனிதர். பக்கத்து வரியிலேயே காரணம் இருந்தும் யாரும் அவருக்குச் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருந்தது. அதனால் எத்தனை லிட்டர் வீணாகியிருக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன்.

ஐயா, ஒரு சந்தேகம். வால்வை மறுபடி போட்டால், வாடிப்பட்டியில் கொதித்ததுபோல் மறுபடி கொதிக்காதா? அம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கிறது. அன்று அவரும் வண்டியில் இருந்தார்.

வத்தலக்குண்டு மெக்கானிக்

நியாயமான பயம். அன்று வால்வு மூடியபடியே சிக்கியிருக்கும். சிக்கிய வால்வுக்குப் புது வால்வு போடுவதுதான் வைத்தியம். கதவு சிக்கினால் கதவை மாற்றுவோம், வாசலைத் திறந்தே போட்டுவிட்டா தூங்குவோம்? உங்கள் அப்பாமேல் தவறில்லை அம்மா, நம்பிக் கேட்டிருக்கிறார்.

ஆனால் வால்வு இல்லாத இத்தனை வருடத்தில் வேறு குறைகள் மறைந்திருக்கலாம். எனவே போடும்போது மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசியை அணைத்துவிட்டு, வண்டி நின்றபடி ஓடும்போது, ஊசி நடுவுக்கு வந்தபின் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். ஏசி போட்டிருந்தால் ஃபேன் எப்படியும் சுற்றும், அதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூன்றாவது தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றியிருந்தார்களா? மதுரையின் உப்புத் தண்ணீர் ஹீட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். கூலண்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கூலண்ட் இனிக்கும் விஷம், கீழே சிந்தினால் கழுவிவிடுங்கள், தெருநாய் நக்கிவிடும்.

புது வால்வையும் சோதித்துவிட்டே போடுங்கள். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் தொங்கவிட்டுச் சூடாக்கினால் திறப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

திருநகர் ஆசிரியை

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், வேலை முடிந்துவிட்டது.

வால்வும் ரப்பர் வாஷரும் 780 ரூபாய். நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், அதனால் பள்ளி ஆய்வகத்துத் தெர்மாமீட்டரை ஒரு நாள் கேட்டு வாங்கிவந்தேன். சட்டியின் அடியில் படாமல் வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். எழுபதுவரை ஒன்றுமில்லை. 80இல் நூல் மட்டும் ஆடியது. 83 ஆனபோது பித்தளைத் தட்டு நகத்தின் கனத்துக்கு விலகி, அந்த இடுக்கிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டு மேலே வந்தது. அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தார். தொண்ணூறைத் தாண்டியபோது சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அடுப்பை அணைத்ததும் அப்படியே மெல்ல மூடிக்கொண்டது. "இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறதையா கழற்றிப் போட்டார்கள்?" என்று அம்மா கேட்டார்.

வால்வை வேறொரு மெக்கானிக் பொருத்தினார். ஊசி முதல்முறையாக நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை, இத்தனை வருடம் கீழேயே பார்த்துப் பழகிய கண். ஏசியை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம், ஃபேன் தானாகச் சுற்றி, ஒரு நிமிடத்தில் தானாக நின்றது. ஆனால் ஹீட்டரில் இன்னும் வெதுவெதுப்புதான். தகட்டுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தோம். ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது இளஞ்சூடு. தண்ணீர் உள்ளே போகிறது, மறுபக்கம் வர வழியில்லை. ஐயா சொன்ன சுண்ணாம்புதான். இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தோட்டக் குழாயால் அழுத்தம் இல்லாமல் எதிர்ப்பக்கமிருந்து தண்ணீர் விட்டார். முதலில் செம்மண் கரைத்ததுபோல் வந்தது, பிறகு உப்பளத்துத் துகள்போல் வெள்ளைத் துணுக்குகள். கால்மணி நேரம் ஆனது தெளிவதற்கு. கூலண்ட் கலவை நாலு லிட்டருக்கு மேல் பிடித்தது. வண்டியின் மூக்கை ஒரு சரிவில் ஏற்றி நிறுத்தி, ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டார். உள்ளே சிக்கிய காற்று குமிழியிட்டு வெளியேறியது. எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய்.

நேற்று வில்பட்டி போய்வந்தோம். பெருமாள்மலையில் வேண்டுமென்றே நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, மூச்சால் வெளுக்கவிட்டேன். பிறகு வெளிக்காற்று, ஏசி, ஹீட்டர் மூன்றையும் போட்டேன். கண்ணாடியின் அடியிலிருந்து இரண்டு அரைவட்டமாகத் தெளிந்து மேலே ஏறியது. ஊத்து வரும்போது அம்மா சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இறக்கத்திலும் ஊசி அசையவில்லை.

நோட்டில் 2016 மே பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. புது வால்வு போட்ட தேதியையும் கிலோமீட்டரையும் அங்கே எழுதி, சிவப்பில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மீதி. சூட்டுக் குமிழ் சிவப்புப் பக்கம் திரும்பும்போது இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் விடலாமா ஐயா?

வத்தலக்குண்டு மெக்கானிக்

குமிழில் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டி இன்னும் இறுகும். பின்னால் இருக்கும் கேபிளைக் கழற்றித் துடைத்து, கொஞ்சம் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும். மதுரையில் இருக்கும்போதும் மாதம் ஒருமுறை சிவப்புக்கும் நீலத்துக்கும் நாலைந்து தடவை திருப்புங்கள், சும்மா கிடந்தால்தான் சிக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மைலேஜ் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள் அம்மா. தங்கையை அழைத்து வரும் நாளன்று வத்தலக்குண்டு தாண்டும்போது தண்ணீர் அளவை நான் ஒருமுறை பார்த்து அனுப்புகிறேன்.